துண்டுக் காகிதங்களின் சாஸ்திரம்

1896ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29ஆம் தேதி, மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுவந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுப் பிள்ளை, பெயின் என்பார் இயற்றிய ஆங்கில இலக்கண நூலில் ஒரு பாடத்தைச் சரிவரப் படிக்கத் தவறியதற்குத் தண்டனையாக, அதனை மூன்று முறை பார்த்தெழுதி வரும்படி உபாத்தியாயரால் பணிக்கப்பட்டு, இரண்டு முறை எழுதி முடித்து, மூன்றாம் முறைக்குக் கை வைக்கும்போது அந்த வேலையின் பயனின்மை மனத்தில் உறைக்கவே, புத்தகத்தையும் காகிதத்தையும் தள்ளி வைத்துவிட்டான். அன்றைக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டவன் செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் திருவண்ணாமலையை அடைந்தான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவரே. அந்தக் கதை பலரும் சொல்லக் கேட்டது. ஆயினும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு செய்தியைச் சொல்வோர் அரியர். பார்த்தெழுதும் வேலையை உதறித் தள்ளிய அதே கை, ஐந்தாறு வருஷங்களுக்குள், மலைமேல் விரூபாக்ஷ குகையில், பிறர் கொண்டுவந்த நூல்களை வாசித்து அவற்றின் சாரத்தைப் பக்கம் பக்கமாக விரும்பி எழுதிக் கொடுத்தது. முன்னதும் எழுத்து, பின்னதும் எழுத்து. இரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை யாது என்பதை மனோதத்துவ சாஸ்திரம் சென்ற ஐம்பது ஆண்டுகளில் ஓரளவு துலக்கியிருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

திருவண்ணாமலை நகரசபையில் ஓவர்சியராக உத்தியோகம் பார்த்த கம்பீரம் சேஷய்யர் சிறந்த ராமபக்தர். யோக சாஸ்திரத்தில் ஆவல் மிகுந்தவர். 1900ஆம் ஆண்டை ஒட்டி அவர், விவேகானந்தரின் ராஜயோகச் சொற்பொழிவுகள், ராமகீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு முதலானவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மலையேறி, பெரும்பாலும் பேசாமலே இருந்த அந்த இளந்துறவியிடம் தமக்கு விளங்காத இடங்களைக் காட்டிக் கேட்பார். ரமணர் நூலை வாங்கிப் படித்துப் பார்ப்பார். படித்ததன் கருத்தை எளிய தமிழ் வசனத்தில் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுவார். சேஷய்யருக்கு அதில் ஐயம் எழுந்தால் மற்றொரு வினா. அதற்கு மற்றொரு துண்டு. இவ்வாறு சேர்ந்தவற்றைச் சேஷய்யர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்தெழுதி வைத்துக்கொண்டார். அவர் காலஞ்சென்ற பின்னர் அவருடைய சகோதரரிடமிருந்து பெற்று ஒழுங்கு செய்யப்பட்ட அந்தக் குறிப்புக்களே ‘விசார சங்கிரகம்’ என்னும் நூலாயின.

ரமணர் தம் புத்தியைத் தீட்டிக்கொள்வதற்காக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. கேட்டவருடைய தேவைக்காக எழுதினார். ஆனால் அவர் எழுதிய முறை, வாசித்தலையும் சிந்தித்தலையும் இணைக்கும் ஒரு கருவியின் மிகத் தூய வடிவமாக இருப்பதால், அதைக் கூர்ந்து நோக்கினால் நம்போன்ற சாதாரண வாசகர்க்குப் பெரும் பயன் உண்டு.

முதலில் வாசிப்பு என்னும் செயலையே கவனிப்போம். கண், வரியின்மீது இடையறாமல் வழுக்கிச் செல்வதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அது தாவித் தாவி, நின்று நின்று செல்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழக் கால் விநாடி. அந்தக் கால் விநாடியில் அடையாளங் காணப்பட்ட சொற்கள், பொருள் திரளும்வரை தங்கியிருக்க வேண்டிய இடம் நம் உடனடி ஞாபகம். அவ்விடமோ மிகக் குறுகியது. 1956இல் ஜார்ஜ் மில்லர் அதில் ஏழு பொருள்கள் வரை தங்கலாம் என்றார். 2001இல் நெல்சன் கவன், முந்தைய சோதனைகளை மறுபடி ஆராய்ந்து, நான்கு என்பதே பொருத்தம் என்று குறைத்தார். ஆகவே ஒரு பக்கத்தின் கடைசி வாக்கியத்திற்கு நாம் வந்து சேரும்போது, அப்பக்கத்தின் தொடக்கத்தில் இருந்தது, நாமாக எதனோடேனும் அதைப் பிணைத்து வைக்காவிடில், இடம்பெயர்ந்து போயிருக்கும். போனது நமக்குத் தெரிவதில்லை. வாக்கியங்கள் தடையின்றி விளங்கிக்கொண்டே வருவதால், விளங்கியதெல்லாம் நம்மிடம் தங்கியது என்னும் பிரமை உண்டாகிறது. இரண்டாம் முறை படிக்கையில் அந்தப் பிரமை இன்னும் வலுக்கிறது. சந்நிதித் தெருவில் எதிர்ப்படும் ஒருவரை ‘நன்றாகத் தெரிந்தவர்’ என்று உடனே கண்டுகொண்டும், பெயரென்ன, எந்த ஊர் என்றால் விழிக்கிறோமே, அப்படிப்பட்ட பரிச்சயம் அது.

அந்தப் பரிச்சயத்தை அறிவென்று மயங்குவதன் விலை என்ன என்பதை, 2006இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் அளந்து காட்டினர். மாணவர்களுக்கு ஓர் அறிவியல் பகுதி தரப்பட்டது. ஒரு பிரிவினர் நான்கு அமர்வுகளிலும் அதையே திரும்பத் திரும்பப் படித்தனர். கணக்கிட்டுப் பார்த்ததில் அவர்கள் சராசரி பதினான்கு முறைக்குமேல் படித்திருந்தனர். மற்றொரு பிரிவினர் முதல் அமர்வில் மட்டும் படித்து, எஞ்சிய மூன்றிலும் பகுதியைப் பாராமல் நினைவில் நின்றதை வெற்றுத்தாளில் எழுதினர். இவர்கள் படித்தது மூன்று நான்கு முறையே. தவறு எது, சரி எது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவுமில்லை. ஐந்து நிமிஷங் கழித்துச் சோதித்தபோது முன்னவர் 83 சதவீதமும் பின்னவர் 71 சதவீதமும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ முன்னவர் 40, பின்னவர் 61. படிப்பு முடிந்தவுடன், நீங்கள் எவ்வளவு நினைவில் வைத்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, அதிக நம்பிக்கையோடு பதிலளித்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே என்பதுதான் இச்சோதனையில் என் உள்ளத்தைத் தைத்த பகுதி. தேர்வுக்கு முந்திய இரவில் பல நிற மைகளால் பாடப் புத்தகத்தின் வரிகளை அடிக்கோடிட்டுக் கொண்டிருக்கும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் அவரோடு பணிபுரிந்தோரும் படிப்பு முறைகள் பத்தினை ஆராய்ந்து, அடிக்கோடிடுதலையும் மறுபடி படித்தலையும் குறைந்த பயனுடைய வரிசையில்தான் வைத்தனர். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது. அதைச் செலுத்த வேண்டிய திசையை நாம்தான் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போது சேஷய்யருடைய துண்டுக் காகிதத்திற்கு வருவோம். அந்தத் துண்டு சிறியது, நூலோ பெரியது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தாலன்றி ஒரு சொல்லும் எழுத இயலாது. நூல் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத வேண்டியதோ தமிழில். ஆகையால் ஆசிரியருடைய வாக்கியத்தையே இரவல் வாங்கி ஒப்பேற்றும் வழியும் அடைபட்டிருந்தது. தானே பிறப்பித்த சொல், பிறர் தரக் கண்ட சொல்லைவிட நினைவில் ஆழப் பதிகிறது என்பதை 1978இல் ஸ்லமெக்கா, கிராஃப் இருவரும் நிறுவினர். தனிச் சொற்களுக்கே அவ்வாறாயின், ஒரு நூலின் வாதம் முழுவதையும் தன் சொற்களால் மறுபடி பிறப்பிப்பவனுடைய நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. 1989இல் மிஷலின் சீயும் அவர் குழுவினரும், பௌதிகக் கணக்குகளுக்கு எழுதிவைத்த தீர்வுகளை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார்கள். நன்றாகக் கற்றவர்கள், ஒவ்வொரு படியிலும் ‘இது ஏன் வந்தது?’ என்று தமக்குத்தாமே விளக்கிக்கொண்டு சென்றதோடு, ‘இவ்விடம் எனக்கு விளங்கவில்லை’ என்பதையும் அடிக்கடி உணர்ந்தார்கள். கற்றல் குன்றியவர்களுக்கோ எல்லாம் விளங்கிக்கொண்டே போயிற்று. விளங்காமையைக் கண்டுபிடிப்பதுதான் கூர்மையான வாசிப்பின் முதற்படி. அதைக் கண்டுபிடிக்கக் காகிதத்தைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன்.

இதை வாசகர் இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் அருணாசலத்தைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். அன்று சூரியன் மறையும் வேளையை ஒட்டியே கிழக்கில் முழுநிலவு எழுவதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அது ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பது தெரியுமா என்று கேட்டால், பள்ளியில் படித்த எவரும் தெரியும் என்பார். ஒரு தாளை எடுத்து ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் எளிதில் வரும்: பௌர்ணமியன்று பூமிக்கு ஒரு பக்கத்தில் சூரியனும் மறுபக்கத்தில் சந்திரனும் இருக்கின்றன, ஆகவே ஒன்று மேற்கில் இறங்க மற்றது கிழக்கில் ஏறுகிறது. இரண்டாம் வாக்கியத்தில் பேனா தயங்கும். அப்படி நேர் எதிரே இருந்தால், பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுந்து மாதந்தோறும் கிரகணம் பிடிக்க வேண்டுமே, ஏன் பிடிப்பதில்லை? சந்திரனுடைய பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிழலுக்கு மேலேயோ கீழேயோ அது சென்றுவிடுகிறது என்னும் விடை, அந்தத் தயக்கம் நேராதவனுக்குத் தேவைப்படுவதே இல்லை. பிறைகள் தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழலால் என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் பலர், தம் எண்ணம் தவறென்பதை மூன்றாம் வாக்கியத்தில் தாமே கண்டுகொள்வார்கள். 2002இல் யேல் சர்வகலாசாலையில் ரோஸன்பிளிட், கைல் இருவரும் செய்த சோதனை இத்தகையதே: பூட்டு, தையல் இயந்திரம் போன்ற அன்றாடப் பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது தமக்கு எவ்வளவு தெரியும் என்று மதிப்பிட்டவர்கள், படிப்படியாக விளக்கி எழுதியபின், தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் வாசிக்கும் மனம் வெறும் பலகையாக நூலின் முன் வந்து அமர்வதில்லை. ரமணருக்குத் தொண்டு செய்த பழனிசுவாமி மலையாளி. தமிழ் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க மிகச் சிரமப்படுபவர். கைவல்ய நவநீதம், வேதாந்த சூடாமணி முதலிய நூல்களை ஊரில் ஒருவரிடமிருந்து வாங்கிவந்து அவர் படும் பாட்டைக் கண்டு, ரமணர் அவற்றைத் தாம் வாங்கி விரைவாகப் படித்துக் கருத்தை எடுத்துரைத்தார். வேதாந்த நூற்பயிற்சி முன்னர் அவருக்கு இருந்ததில்லை. மதுரையில் அவர் ஆழ்ந்து படித்திருந்த சமய நூல் பெரியபுராணம். எனினும் அந்நூல்கள் அவருக்குக் கடினமாகத் தோன்றவில்லை. 1896இல் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் தமக்கு நேர்ந்த ஆன்ம அனுபவத்தையே அவை பிரித்தும் பெயரிட்டும் சொல்வதாகக் கண்டதாகப் பிற்காலத்தில் அவரே தெரிவித்திருக்கிறார். நூல் சொல்வது எதைப் பற்றி என்பது முன்னமே உள்ளே இருந்தது. 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும், துணி துவைக்கும் காரியத்தைத் துணி என்ற சொல்லே வராமல் வர்ணிக்கும் ஒரு பகுதியைப் பலருக்குத் தந்தனர். தலைப்பை முன்னதாக அறிந்தவர்கள், தலைப்பே அறியாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு நினைவு கூர்ந்தனர். படித்து முடித்தபின் தலைப்பைச் சொன்னதால் பயன் விளையவில்லை. ஆகவே புத்தகத்தைத் திறக்குமுன், இப்பொருளைப் பற்றி எனக்கு என்ன தெரியும், என்ன கேட்க விரும்புகிறேன் என்று இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்வது வீண் சடங்கன்று.

முன்னறிவு துணையாவது போலவே தொல்லையும் ஆகும்; அதற்குத் திருவண்ணாமலையிலேயே ஓர் அருமையான சான்று உண்டு. தத்துவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்றுத் தென்னாற்காடு ஜில்லாக் கலெக்டர் அலுவலகத்தில் ரெவினியூ இலாகாவில் பணியாற்றிய ம. சிவப்பிரகாசம் பிள்ளை, 1902இல் உத்தியோக நிமித்தமாக இவ்வூருக்கு வந்தபோது, மலைமேல் ஒரு வாலிப சுவாமி இருப்பதைக் கேள்வியுற்றுச் சென்று, தம்மை நெடுநாளாக வாட்டிய வினாக்களை அவர்முன் வைத்தார். விடைகள் சைகையாலும், மணலில் விரலால் எழுதியும், சிலேட்டிலும் காகிதத்திலும் வந்தன. மணலில் எழுதியது எத்தனை நேரம் நிற்கும்? பிள்ளையவர்கள் அவற்றைத் தம் கைப்பட எழுதி வைத்துக்கொண்டார். 1923இல் ‘நான் யார்?’ என்னும் பெயரால் வெளிவந்த நூலுக்கு மூலம் அதுவே. அந்நூலின் தொடக்கத்தில், உடல், புலன்கள், மனம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது நானன்று, இதுவும் நானன்று என மறுத்துச் செல்லும் நீண்ட வரிசை ஒன்றுண்டு. கையெழுத்துப் பிரதியைப் பின்னர்ப் பார்வையிட்ட ரமணர், அதனைத் தாம் அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லையே, எப்படி வந்தது என்று வியந்தார். சாஸ்திரங்களில் அம்முறையைக் கற்றுப் பழகியிருந்த பிள்ளையவர்கள், பொருள் தெளிவாகும் என்று கருதித் தாமே அதைச் சேர்த்திருந்தது தெரியவந்தது.

இதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழிந்துவிட இருந்த சொற்களைக் காத்துத் தந்த மகாநுபாவர் அவர். அவர் அறிந்தே சேர்த்ததைப் பிறர் அறியாமலே சேர்ப்பார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1932இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெடெரிக் பார்ட்லெட், அமெரிக்கப் பழங்குடியினர் கதை ஒன்றை ஆங்கிலேயரைப் படிக்கச் செய்து, நாள் கழித்து நினைவிலிருந்து எழுதவைத்து ஆராய்ந்த நூலை வெளியிட்டார். எழுதியவர்கள் பொய் சொல்ல எண்ணவில்லை. ஆயினும் அவர்கள் எழுத்தில் ‘கனூ’ என்னும் குடைமரத் தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. ஆவிகளைப் பற்றிய விநோதமான பகுதிகள் நழுவின. ஞாபகம் என்பது வைத்ததை வைத்தபடி எடுத்துத் தரும் பெட்டகமன்று. ஒவ்வொரு முறையும், கையிலுள்ள பழைய சாமான்களையும் கலந்து, புதிதாகக் கட்டி எழுப்பும் காரியம். அப்படியாயின் நாம் படித்ததை நம் சொல்லில் எழுதுவது, நம் முற்கற்பனைகளை நூலாசிரியர் தலையில் ஏற்றுவதாக முடியாதா என்று கேட்கலாம். முடியும், எழுதிவிட்டுப் புத்தகத்தை மறுபடி திறவாதவர்க்கு அவ்வாறே முடியும். எழுதாதவர் மனத்திலும் அந்தக் கலப்பு நிகழத்தான் செய்கிறது. எழுத்தில் இருந்தால் அது கண்ணுக்குப் புலப்படுகிறது, மூலத்தோடு ஒப்பிடலாம் என்பதே எழுதுவோர்க்கு உள்ள நன்மை. சார்லஸ் டார்வின் தம் கொள்கைக்கு மாறான செய்தி எதைக் கண்டாலும் உடனே குறித்துக்கொள்வதை ஒரு நியமமாகவே கொண்டிருந்தார். சாதகமானவற்றைக் காட்டிலும் பாதகமானவை விரைவில் மறந்துபோகின்றன என்று அவர் தம் அநுபவத்தில் கண்டிருந்தார்.

‘நான் யார்?’ வினாவிடையாக வெளிவந்ததோடு நிற்கவில்லை. 1920களில் ரமணரே அதை வினாக்களை நீக்கித் தொடர்ந்த கட்டுரையாக எழுதினார்; பிள்ளையவர்கள் சேர்த்த வரிசையும் அதில் இடம்பெற்றது. இந்த மாற்றம் எளிதென்று தோன்றும். ஆனால் வினாவிடை, ஒரு விடைக்கும் அடுத்த வினாவுக்கும் இடையே உள்ள வெளியை வெளியாகவே விட்டுவிடலாம். கட்டுரையில் ‘ஆகையால்’, ‘எனினும்’ என்னும் இணைப்புச் சொற்கள் அவ்வெளியை நிரப்பியாக வேண்டும். நான்கு பொருள்களுக்குமேல் ஏந்தமாட்டாத உடனடி ஞாபகத்தால்கூட, காகிதத்தின்மேல் நாற்பது பொருள்களைப் பரப்பி வைத்து, முதலாவதற்கும் முப்பதாவதற்கும் உள்ள உறவை ஆற அமரப் பார்க்க முடிகிறது. சொந்தக் குறிப்புப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே: துணுக்குகளாகச் சேர்த்தவற்றை அவ்வப்போது ஒரு கட்டுரையாக எழுதிப் பார்க்க வேண்டும். இணைப்புச் சொல் அகப்படாத இடமே சிந்தனை அறுந்து கிடக்கும் இடம். பேனாவா, தட்டச்சா என்னும் வினாவில் அதிகம் மயங்க வேண்டாம். கையால் குறிப்பெடுத்தோர் பொருளை நன்றாக உணர்ந்தனர் என்று 2014இல் வந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 2021இல் அதையே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேற்றுமை கிடைக்கவில்லை. சொல் நம்முடையதாக இருப்பதுதான் முக்கியம்.

நூல்களைக் குறித்து அதே ‘நான் யார்?’ கூறும் முடிவையும் மறைக்கலாகாது. மனத்தை அடக்குவதே சாஸ்திரங்களின் தாத்பரியம் என்று தெரிந்துகொண்டபின் அளவின்றிப் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை என்பது அதன் கருத்து. இது வாசிப்பைப் பழித்ததாகாது. நூலின் முடிந்த பொருளைக் கைக்கொண்டவனுக்கு அடுத்த வேலை உண்டு என்று சொன்னதாகும்.

எழுத்துக் காத்ததைப் பேசும்போது, எழுதப்படாமல் அழிந்ததையும் பேச வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள திருக்கோவிலூருக்கு 1910இல் ஸ்ரீநிவாச ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களோடு சென்று, அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவருமான வி. ராமசாமி ஐயரைக் கண்டதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1903இல் ராமானுஜன் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு, ஆயிரக்கணக்கான முடிபுகளைப் பெரும்பாலும் நிரூபணமின்றியே வரிசையாகத் தந்த நூல்; படிப்பவன் தானே வழி கண்டாலன்றி ஒரு பக்கமும் நகராது. அதுவே அவருக்கு ஆசிரியனாயிற்று. ஆனால் காகிதம் விலை மிகுந்திருந்தமையால் அவர் சிலேட்டிற் கணக்கிட்டு, முடிபை மட்டும் நோட்டில் எழுதி, வழியை அழித்துவிடுவார். அந்த நோட்டுக்களின் முடிபுகளுக்கு நிரூபணம் கண்டு புரூஸ் பெர்ன்ட் பதிப்பித்த ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. அழிந்த சிலேட்டுக் கணக்குகளை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

மேனாட்டுச் சோதனைகளை இத்துணை சொன்ன பின், எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நம் நன்னூலை நினைவூட்டாமற் போவது நன்றிகெட்ட செயல். ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கைவருவது கல்வியில் காற்கூறே என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும் என்றும், எஞ்சிய இரண்டு கூறும் தான் பிறர்க்கு விரித்துரைப்பதால்தான் வரும் என்றும் பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் பகுத்து வைத்தார். சரிபாதிக் கல்வி எடுத்துரைப்பதில் இருக்கிறது! அந்த எடுத்துரைப்பு, எழுத்தாகி, அறிந்தவர் ஒருவர் கண்ணுக்கும் உட்படுமாயின் பார்ட்லெட் காட்டிய பிழைக்கும் பரிகாரம் கிடைத்துவிடுகிறது. ரமணாசிரமத்தில் அதுவும் நிகழ்ந்தது. தமிழாசிரியராக இருந்தவரான முருகனார், ரமணர் பல சமயங்களில் உரைத்தவற்றைக் கேட்டு, வெண்பாக்களாக ஆக்கி, ஆக்கியவற்றை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். 1939இல் ‘குருவாசகக் கோவை’யாக அச்சேறிய அச்செய்யுட்களை ரமணர் தாமே பார்வையிட்டுத் திருத்தினார், சில இடங்களில் தாமே வெண்பா இயற்றியும் சேர்த்தார்.